கரைக்குத் தார் வேண்டாம்: டெல்டாவில் சைக்கிள் பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவில் சைக்கிள் சுற்றுலாவை வளர்க்கத் தனிப்பாதை போட வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழுகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் புதிதாகப் பாதை எதுவும் போட வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. கல்லணையில் தொடங்கிக் கடல் வரை எத்தனை ஆறுகள், எத்தனை வாய்க்கால்கள்! ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை. பெரும்பாலும் அதில் ஒரு கரையிலாவது நீர்வளத்துறை ஜீப்பும் மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கரின் வண்டியும் போய்வர மண்ணோ கப்பியோ போட்ட தடம் இருக்கும். அதில் பேருந்தும் வராது, டேங்கர் லாரியும் வராது. அரை மணிக்கு ஒரு டிராக்டர், இரண்டு பைக், ஒரு வாத்துக் கூட்டம் வந்தால் அதுவே அதிகம்.

இது தெரியாமல்தான் வெளியூரிலிருந்து வரும் சைக்கிள்காரர்கள் திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையின் ஓரக்கோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கைப்பேசி வரைபடம் அதைத்தானே காட்டுகிறது. கரைப்பாதையை அது காட்டாது. காட்டினாலும் எந்தக் கரையில் போக முடியும் என்று சொல்லாது. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தக் கடிதம். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், பொறுத்தருள வேண்டும்.

முதலில் வழி. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் நான்காகப் பிரிகிறது. சைக்கிளுக்கு உகந்தது வெண்ணாறு. காவிரியை ஒட்டித் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகப் போவது அழகான சாலைதான், ஆனால் அது பேருந்துச் சாலை. கல்லணைக் கால்வாய், அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் புது ஆறு, மேட்டூர் அணை முடிந்த 1934-இல் நீர்விடப்பட்டது. நீளம் 148 கி.மீ. தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டிப் போய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இறங்குகிறது. அதன் கரை அகலமானது, செம்மண் கலந்தது, மழைக்குப் பின் சீக்கிரம் காய்வது. அதற்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு, பின்னால் சொல்கிறோம்.

வெண்ணாற்றங்கரையில் கிழக்கே வந்தால் தென்பெரம்பூர் தலைப்பு (ஆறு பிரியும் மதகைத்தான் தலைப்பு என்பார்கள்). அங்கே வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. வடவாற்றைப் பிடித்தால் தஞ்சாவூர் கரந்தை. முதல் நாள் அதோடு போதும். சாலைக் கணக்கில் 45 கி.மீ. அளவுதான், ஆனால் ஆற்றின் வளைவுகளோடு சேர்த்தால் 50-க்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும். ஊருக்குள் வடவாற்றுக் கரை வீடும் குப்பையுமாக இருக்கும். அங்கே பிடிவாதம் பிடிக்காமல் ஊர்ச்சாலையில் ஏறி, கிழக்கே ஊர் முடிந்ததும் மறுபடி கரையில் இறங்கலாம். இரண்டாம் நாள் வடவாறு வடுவூர் ஏரிக்குக் கொண்டுபோய்விடும். தை, மாசியில் ஏரியில் பறவைகள் இருக்கும். அங்கிருந்து மன்னார்குடி அதிக தூரமில்லை. மூன்றாம் நாள் பாமணியாறு. அந்தக் கரை முத்துப்பேட்டைப் பக்கம் இழுத்துப்போகும். வேதாரண்யம் போகிறவர்கள் நடுவிலேயே கிழக்கே திரும்பி ஊர்ச்சாலைகளில் திருத்துறைப்பூண்டியை அடையலாம். நான்காம் நாள் உப்பளங்களின் நடுவே வேதாரண்யம், மனம் இருந்தால் கோடியக்கரை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்பெடுக்கப் போனவர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு 13-ஆம் தேதி கிளம்பி 28-ஆம் தேதி சேர்ந்தார்கள், அதுவும் சித்திரை வெயிலில், நடந்தே. நான்கு நாள் சைக்கிளுக்கு அதிகம் என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டலாம்.

தலைப்பு எது, கரை எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடுவது நல்லது. ஆற்றின் இரு பக்கமும் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிர்நிறக் கோடு தொடர்ந்து ஓடினால் தடம் இருக்கிறது. கோடு மங்கிக் கரும்பச்சையாகிவிட்டால் வேலிக்கருவை மூடிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த இடத்தில் எதிர்க்கரை திறந்திருக்கும். ஆகவே எந்த ரெகுலேட்டர் பாலத்தில், அதாவது மதகோடு சேர்ந்த பாலத்தில், கரை மாறுவது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாலங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. படம் எந்த மாதத்தில் எடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கார்த்திகையில் எடுத்த படத்தில் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். இதையெல்லாம் விடச் சுலபமான வழி மதகில் இருக்கும் லஸ்கரைக் கேட்பது. அடுத்த தலைப்பு வரை எந்தக் கரை ஓடும், எங்கே உடைப்பு, எங்கே முள் என்று அவருக்கு மனப்பாடம். “ரோடு எப்படி?” என்று கேட்டால் தார்ச்சாலையைக் காட்டுவார். “சைக்கிள் கரையிலேயே போகுமா?” என்று கேட்க வேண்டும்.

பருவம்தான் பாதி வெற்றி. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அணையில் இருக்கும் நீரைப் பொறுத்து இது முன்பின் ஆகும். மூடிய பிறகு, சம்பா அறுவடை ஓயும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் கரைக்கு ஏற்ற காலம். மண் இறுகியிருக்கும். காலை இதமாக இருக்கும். ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும் வேண்டவே வேண்டாம். வெயிலைச் சொல்லவில்லை, தூர்வாருதலைச் சொல்கிறோம். தண்ணீர் வருவதற்குள் பொக்லைன் வைத்து ஆற்று மண்ணை வாரிக் கரைமேலேயே கொட்டுவார்கள். முழங்கால் உயரப் பொதிமண்ணில் சைக்கிளை ஓட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. பழைய டெல்டாவின் களிமண் நனைந்தால் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, ஐம்பதடிக்குள் சக்கரம் நின்றுவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டராவது இடைவெளி இல்லாத வண்டியில் மழைநாளில் கரையேறக் கூடாது. அகப்பட்டுக்கொண்டால் முன் மட்கார்டைக் கழற்றிக் கேரியரில் கட்டிவிட்டு, ஒரு மூங்கில் சிம்பை வைத்துச் சுரண்டிச் சுரண்டித்தான் தார்ச்சாலையைப் பிடிக்க வேண்டும். அந்த மாதங்களில் போகத்தான் வேண்டும் என்பவர்கள் செம்மண்ணுள்ள புது ஆற்றுப் பக்கம் போகலாம்.

ஜூன் கடைசி முதல் ஆகஸ்டு வரை இன்னொரு வாய்ப்பு. ஆறு நிறையத் தண்ணீர், நாற்றங்கால் பச்சை, பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் ஆடிக் காற்று. அம்மியை நகர்த்துகிற காற்று சைக்கிள்காரனை விட்டுவைக்குமா?

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளியில் மலை என்பது காற்றுதான். டெல்டாவின் சரிவு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவே. மிதிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கரை வயலைவிட ஓர் ஆள் உயரம் மேலே இருக்கிறது, மறைப்பு கிடையாது. ஊர்ச்சாலையில் மணிக்கு 14 கி.மீ. போகிறவர் எதிர்காற்றில் கரைமேல் ஒன்பதுக்கு இறங்கிவிடுவார். மலை என்றால் ஏறி முடித்ததும் இறக்கம் வரும். எதிர்காற்றுக்கு இறக்கம் கிடையாது. ஆகவே திசையைப் பருவத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று. கல்லணையிலிருந்து கடலை நோக்கிப் போனால் காற்றே தள்ளிக்கொண்டு போகும். தை, மாசியில் வாடை கலந்த கீழ்க்காற்று. விடியலில் அசைவே இருக்காது, பத்து மணிக்கு மேல் எழும்பும், கடலோரத்தில் பிற்பகலில் இன்னும் கூடும். அப்போது கிழக்கு நோக்கிப் போகிறவர்கள் ஐந்தரைக்குக் கிளம்பி பத்து மணிக்குள் அன்றைய தூரத்தில் முக்கால் பங்கை முடித்துவிட வேண்டும். அல்லது ரயிலில் வேதாரண்யம் பக்கம் போய்விட்டு அங்கிருந்து மேற்கே திரும்பி வரலாம்.

சமவெளிக்குக் கியர் எதற்கு என்பார்கள். காற்றுக்குத்தான். சாதாரணச் சைக்கிளில் பெடலோடு சுற்றும் முன்சக்கரப் பல் 44, பின்னால் ஃப்ரீவீல் 18 பல் என்று வைத்துக்கொண்டால், 28 அங்குலச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். எதிர்காற்றில் முழங்கால் வலிப்பது இதனால்தான். ஃப்ரீவீலை மட்டும் 22 பல்லாக மாற்றினால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டராகக் குறையும். வேகம் கொஞ்சம் போகும், கால் பிழைக்கும். 20 பல் என்றால் சக்கரத்தை முன்னால் நகர்த்தினாலே பெரும்பாலும் செயின் சரிப்படும். 22 என்றால் செயினில் கூடுதல் கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். இதை ஊரிலேயே, ஓவராயில் செய்யும்போதே செய்துகொண்டால் வழியில் திண்டாட வேண்டாம். கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் வேறொரு கவலை உண்டு. மாசி, பங்குனியில் அறுவடையான உளுந்தையும் பயறையும் செடியோடு ஊர்ச்சாலையில் பரப்பியிருப்பார்கள், வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று. அந்தக் கொடி பின்கியரில் சுற்றிக்கொண்டால் செயினைப் பல் மாற்றும் டீரெய்லர் வளைந்து ஆரக்கம்பிக்குள் போய்விடும். இறங்கித் தள்ளுங்கள். காயும் நெல் மேலும் அப்படித்தான். சறுக்கி விழுவது ஒரு பக்கம் இருக்க, அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

மேடு பள்ளமே இல்லாத பாதையில் இன்னொரு உபத்திரவம், மிதிப்பதை நிறுத்தவே முடியாது. இறக்கம் இல்லாததால் கால் ஓயாது, உட்கார்ந்த இடமும் மாறாது. இரண்டாம் நாள் மாலை உள்ளங்கை மரத்துப்போவதும், சீட்டில் உட்கார முடியாமல் போவதும் இதனால்தான். பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதிக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்கிற உயரத்தில் சீட் இருக்கட்டும். சீட்டில் தடிமனாகப் பஞ்சு உறை போடுவது உபகாரம் போலத் தெரியும், ஆனால் வியர்வையை உறிஞ்சித் தொடையைப் புண்ணாக்கிவிடும்.

டயர் விஷயத்துக்கு வருவோம். கரைக்கு 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் ஆகாது, 40 நல்லது. காற்றை இறுக்கி அடைத்தால் கப்பியில் வண்டி துள்ளும், கை ஓயும். குறைவாக இருந்தால் கல்லில் அடிபட்டு டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துக்கொன்றாக இரண்டு ஓட்டை விழும். 75 கிலோ ஆளும் பத்துக் கிலோச் சுமையும் என்றால் 40 மி.மீ. டயரில் பின்னால் 45, முன்னால் 38 பவுண்டு அளவு சரியாக இருக்கும்.

டயரின் அளவும் முக்கியம். டெல்டாவின் எந்தச் சிற்றூர்ச் சைக்கிள் கடையிலும் 28 × 1½ கிடைக்கும். பையன்களின் ‘ரேஞ்சர்’ வகைச் சைக்கிள்களால் 26 அங்குலமும் கிடைக்கும். 700சி எனப்படும் டயர் தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊரை விட்டால் அரிது. பெயரளவில் அதையும் 28 என்பார்கள், அதில் ஏமாறக் கூடாது. 28 × 1½ உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ.; 700சி-க்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் டயர் உட்காரவே உட்காராது. டியூப் மட்டும் அவசரத்துக்கு மாற்றிப் போடலாம், ரப்பர் இழுத்துக்கொடுக்கும். அதிலும் ஒரு முடிச்சு: நம் ஊர் டியூபின் வால்வுக்கு ரிம்மில் எட்டரை மி.மீ. ஓட்டை வேண்டும். ஒல்லி வால்வுச் சைக்கிள்களில் ஓட்டை ஆறரைதான். கடைக்காரர் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார். அப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் இரண்டு டியூப் கையோடு கொண்டுவர வேண்டும். சாதாரண வால்வுக்காரர்கள் வால்டியூப், அதாவது வால்வுக்குள் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய், அரை முழம் வைத்திருந்தால் போதும். வெயிலில் அந்த ரப்பர் ஊறி ஒட்டிக்கொள்ளும், காற்று மெல்லக் கசியும், பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பார்கள். முதலில் வால்வு மேல் எச்சில் தொட்டு வைத்துக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

கரைப் பஞ்சருக்கு இரண்டே காரணம்: நெருஞ்சியும் கருவையும். நெருஞ்சி தடத்தின் நடுவில் இருக்காது. சக்கரம் ஓடி இறுகிய இடத்தில் அது தலைகாட்டாது. தை பிறந்ததும் ஓரத்து மணற்பாங்கில் மஞ்சள் பூவோடு படர்ந்து, காய் முற்றிக் காத்திருக்கும். ஆகவே பஞ்சர் ஆவது ஓட்டும்போது அல்ல, நிழலைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டும்போது. நிற்பதானால் தடத்திலேயே நின்று, வண்டியைத் தூக்கிக் கொண்டுபோய் மரத்தில் சாய்க்க வேண்டும். உருட்டக் கூடாது. ஏறும் முன் இரண்டு சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளங்கையால் தடவித் தட்டிவிடுங்கள். நெருஞ்சி குத்தினால் ஒன்றோடு நிற்காது, மூன்று நான்கு இருக்கும். ஒரு ஓட்டையை ஒட்டிவிட்டு டயரை மாட்டி, ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். வால்வு இருந்த இடத்தை டயரில் குறித்துக்கொண்டு, டியூபை முழுவதும் நீரில் அமுக்கிப் பார்த்து எல்லா ஓட்டையையும் கண்டுபிடிக்க வேண்டும். நீருக்கு இங்கே பஞ்சமா? டயரின் உட்பக்கத்தை விரலால் தடவாதீர்கள், துணியால் தடவுங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். நகவெட்டியால் பிடுங்கலாம். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிடம் உலரவிட்ட பிறகே ஒட்டு வைக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பங்குனி வெயிலில் ஒட்டு நகர்ந்துவிடும்.

கருவை முள் வேறு ரகம். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று வெட்டிப்போட்ட இடத்தில் காய்ந்த முள் டயரின் தடிமனைத் தாண்டி உள்ளே போகும். அந்த இடத்தைக் கண்டால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கடப்பதே புத்திசாலித்தனம். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து டயருக்குள் வைத்துத் தருவார்கள், நெருஞ்சிக்கு அது நல்ல கவசம். விளிம்பை மட்டும் சரிவாகச் சீவித் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த விளிம்பே டியூபை உரசி ஓட்டை போட்டுவிடும்.

சுமை பத்து, பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். கேரியரின் மேல் மூட்டையாகக் கட்டினால் மண் தடத்தில் வண்டி வாலாட்டும். இரண்டு பக்கமும் சம எடையில் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும், குதிகால் இடிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளி. கயிற்றின் நுனி தொங்கக் கூடாது. ஆரக்கம்பி முறிந்தால் பெரும்பாலும் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் பக்கம்தான் முறியும். கிளம்பும் முன் சக்கரத்தின் கோட்டம் எடுத்து எல்லாக் கம்பியும் ஒரே இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிக் கேளுங்கள். சொத்தைக் கம்பியின் ஓசை தனியாகத் தெரியும். செயினுக்குக் கெட்டி எண்ணெய் ஆகாது, கரைப் புழுதி அதில் ஒட்டி அரமாகிவிடும். கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். உப்பளப் பகுதியைக் கடந்த அன்று மாலையே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி மறுபடி எண்ணெய் விட வேண்டும். ஓர் இரவு விட்டால் விடிவதற்குள் துரு பூத்துவிடும்.

வண்டி இல்லாத பாதை என்றதும் ஆபத்தில்லாத பாதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாலையில் ஆட்டையும் மாட்டையும் ஓரத்து மரத்தில் கட்டியிருப்பார்கள். அது எதிர்ப்பக்கம் மேயப் போனால் கயிறு தடத்தின் குறுக்கே, முழங்கால் உயரத்தில் நிற்கும். அந்தி மங்கலில் கயிறு தெரியாது, மாடு மட்டும் தெரியும். மாட்டைப் பார்த்தாலே கயிற்றைத் தேடுங்கள். வனத்துறை நட்ட தேக்கு உள்ள கரைகளில் பெரிய பெரிய சருகு உதிர்ந்து பள்ளத்தையும் முள்ளையும் சமமாக மூடியிருக்கும். ரெகுலேட்டர் பாலத்திலிருந்து கரைக்கு இறங்கும் சாய்வு குறுகலானது, பொடிக்கல் நிறைந்தது. நாளெல்லாம் பிரேக்கே தொடாமல் வந்த கை அங்கே முன் பிரேக்கை அழுத்திவிடும், வண்டி படுத்துவிடும். இறங்கித் தள்ளுவதில் மானம் போகாது. விடிகாலையில் ஊரை ஒட்டிய கரை பலருக்கு ஒதுங்கும் இடமும் கூட. தூரத்திலேயே மணியடித்து, பார்வையை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு கடப்பது மரியாதை.

புது ஆற்றைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதுதான்: பல இடங்களில் அதன் சரிவுக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஓடும்போது அதில் பாசி படரும். குடத்தை முக்கவோ முகம் கழுவவோ இறங்கி வழுக்கினால், பிடித்து ஏற ஒரு வேரும் இல்லை, புல்லும் இல்லை, இழுப்போ கடுமை. நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். படித்துறை தவிர வேறு எங்கும் நீரில் இறங்காதீர்கள். அந்தக் கரையில் ஓட்டும்போது நீர்ப்பக்கத்துச் சக்கரத்தடத்தை விட்டு வயல்பக்கத் தடத்தில் ஓட்டுங்கள். ஆடிப்பெருக்கு நாளில் எந்தக் கரையிலும் சைக்கிளுக்கு இடமில்லை; அன்று சைக்கிளை நிறுத்திவிட்டு சித்திரான்னம் சாப்பிடலாம்.

ஆற்று நீரைக் குடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எப்போதும் இருக்க வேண்டும். வியர்வை அதிகமாகும் நாளில் ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை கலந்து கொள்ளலாம். கரையில் கடை கிடையாது. தார்ச்சாலை ஆற்றைக் கடக்கும் பாலந்தோறும் பெரும்பாலும் ஒரு டீக்கடை உண்டு. தங்குவதற்குத் தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் ஆகிய ஊர்களில் விடுதிகள் இருப்பதால் கூடாரம் சுமக்க வேண்டாம்.

ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவுசெய்து பிரேக் வேனில் ஏற்றலாம். வண்டியின் எடை எதுவானாலும் 40 கிலோ என்றே கட்டணம் போடுவார்கள். புறப்படுவதற்கு அரை மணி முன்பாவது லக்கேஜ் அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். திருச்சி, தஞ்சாவூர் போன்ற பெரிய நிலையங்களில் இது சுலபம். ஒரு நிமிடம் நின்று கிளம்பும் நிலையங்களில் நடக்காது. 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கி.மீ. பாதை, பயணம் முடிந்து திரும்புகிறவர்களுக்கு வரப்பிரசாதமாக இருந்திருக்கும். அதில் சைக்கிள் வைக்க ஒரு பெட்டியில் நான்கு கொக்கி மாட்டினால் போதும். ரயில்வே கவனிக்குமா?

இனி அரசுக்கு. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995-இல் சுரங்கப் பொறியாளர் ஹியூகோ போலன் சொன்ன யோசனைப்படி, சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பலகை நட்டார்கள். பலகையில் அடுத்தடுத்த எண்களும் அவற்றின் திசையும் மட்டும் இருக்கும். பயணி எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறார். நெதர்லாந்தும் அதையே எடுத்துக்கொண்டது. நமக்கு எண்கூட வேண்டாம். தென்பெரம்பூர் தலைப்பு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பு என்று ஆறு பிரியும் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். அங்கே ஒரு பலகை: அடுத்த தலைப்பின் பெயர், கிலோமீட்டர், எந்தக் கரையில் போகலாம். அவ்வளவுதான் தேவை. பலகையின் கடைசி வரியைச் சாக்பீஸில் எழுதும்படி விட்டால், உடைப்போ முள்ளோ இருப்பதை லஸ்கரே எழுதிவிடுவார்.

கரைக்குத் தார் போடுவதாக எந்தத் திட்டம் வந்தாலும் டெல்டாவின் சைக்கிள்காரர்கள் கைதட்டக் கூடாது. தார் விழுந்த மறுவாரமே அது குறுக்குவழியாகிவிடும். மணல் டிப்பர் வரும், மினி பஸ் கேட்பார்கள், வளைவுதோறும் மரம் வெட்டுவார்கள். கப்பியும் கிராவலும் இறுக்கிய தடமே சைக்கிளுக்குப் போதும், வேகமாகப் போகிற வண்டிக்கு அது பிடிக்காது என்பதும் நமக்கு லாபம். லாரி நுழையும் இடங்களில் மட்டும் ஒன்றரை மீட்டர் சந்து விட்டு இரும்புக் குறுக்குக் கம்பி போடலாம். ஆனால் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலுக்குப் போக வேறு வழியில்லாத கரைகள் பல. ஆகவே கம்பி திறக்கும்படி இருக்க வேண்டும், சாவி லஸ்கரிடமும் ஊர் விவசாயிகளிடமும் இருக்க வேண்டும். சைக்கிள்காரனுக்காக விவசாயியைச் சுற்றவிடுவது நியாயமில்லை.

கடைசியாக ஒன்று, இதற்குக் காசே ஆகாது. அடுத்த கோடையில் தூர்வாரும் பணிக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரி சேர்த்தால் போதும்: வாரிய மண்ணைக் கரையின் வயல்பக்க ஓரத்தில் கொட்டி, நீர்ப்பக்கத்தில் இரண்டு மீட்டர் தடத்தைச் சமன்செய்து விட்டுவிட்டுத்தான் பொக்லைன் அடுத்த மதகுக்கு நகர வேண்டும்.

இப்படிக்கு,
கரைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவோர் சிலர்,
தஞ்சாவூர்.